உன் நிரலுக்கு அம்மாதான் வாரிசு

என் செல்லத் தம்பி சங்கரா,

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. குத்துக்கல்வலசை வீட்டு மாடியில் போட்ட துணி இந்தச் சாரலில் காய்வதே இல்லை. காலையில் எடுத்து உதறி மறுபடியும் அதே கொடியில் போடுகிறேன். நீ போனதிலிருந்து என் வேலையெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. அழுதாயா என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் அவர்களுக்கு என்னவோபோல் ஆகிவிடுகிறது.

உன் கணினி நிரலைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் நடந்தது தெரியட்டும் என்று, இதை அதன் இணையப் பக்கத்திலேயே போடுகிறேன்.

ராயகிரி சாந்தி டீச்சர் கூப்பிட்டார்கள். பார்வையில்லாத அவர்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவது உன் நிரல்தானே. பள்ளியில் புதுக் கணினி கொடுத்திருக்கிறார்களாம். அதில் நிரல் ஓடவில்லை.

"சங்கர் தம்பி இருந்தா ஒரு போன்ல முடிஞ்சிரும்லா. நீங்க பாக்க முடியுமாக்கா? இப்பம் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் பாடம் நடத்துதேன். அதுல ஒருத்தன் வேணும்னே தப்பாத் தப்பா வாசிக்கான்."

பார்த்தேன். நீ எழுதிய பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்தைக் குரலாக்க நீ வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த, பிறர் எழுதிய நிரல் தொகுப்பு, அந்த நூலகம்தான் பழசாகிவிட்டது. அதன் புதிய வடிவம் புதுக் கணினியில் ஓடுகிறது. ஆனால் அதை இப்போது அப்பாச்சி என்ற உரிமத்தில் வெளியிடுகிறார்கள். உன்னுடையது ஜிபிஎல் என்ற உரிமம், அதிலும் 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்று எழுதியிருக்கிறாய். எடுத்துக்கொள், மாற்று, பிறருக்குக் கொடு என்றுதான் இரண்டு உரிமங்களும் சொல்கின்றன. என்றாலும், காப்புரிமை (பேட்டன்ட்) பற்றி அவர்கள் கூடுதலாக ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். தன் நிபந்தனைகளுக்கு மேல் எதையும் சேர்க்கக் கூடாது என்கிறது உன் இரண்டாம் பதிப்பு. வீட்டுக்குள் சேர்த்து ஓட்டலாம், சேர்த்து வெளியிட முடியாது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பாக இருந்தால் முடியும்.

உரிமத்தை மாற்றித் தர முடியுமா என்று நூலகக்காரர்களுக்கு எழுதினேன். பலர் சேர்ந்து எழுதியது, எல்லோரையும் தேடிப்பிடிக்க முடியாது என்றார்கள். உன்னோடு சேர்ந்து நிரல் எழுதிய இருவரும் மூன்றுக்கு மாறச் சம்மதம் என்று பதில் போட்டுவிட்டார்கள். மீதி நீ ஒருவன்தான்.

நீ எழுதியதற்கு இப்போது யார் உரிமையாளர் தெரியுமா? வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒரே பெயர். கணினியைத் தொட்டே பார்க்காத நம் அம்மா.

சம்மதக் காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னட்டி இது? போனுக்குன்னு கையெழுத்து வாங்கினிய, அவன் நம்பர் போச்சு. பேங்குக்குன்னிய, அதுவும் போச்சு. பைக்கை எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான். இனி எதை எடுக்கப் போறிய?"

"எடுக்கதுக்கு இல்லம்மா. இது ஓடுததுக்கு."

விவரம் சொன்னேன். 'மட்டும்' என்று நீ எழுதியிருப்பதையும் சொன்னேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவன் வேண்டாம்னு எழுதி வச்சதை நான் எப்படிட்டி வேணும்னு எழுத?"

நீ கல்லூரியில் படித்தபோது ஆரம்பித்த நிரல் அது. மூன்றாம் பதிப்பு அப்போது வந்திருக்கவில்லை. 'அல்லது பிந்தைய பதிப்பு' என்று சேர்த்துவிடேன்டா என்றேன். "எழுதாத பத்திரத்துல எப்படிக்கா கையெழுத்துப் போட? வரட்டும், படிச்சிட்டுப் பாப்போம்" என்றாய். வந்தது. படித்தாயா? படித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டாயா, வேலையில் மறந்துபோனாயா? இதை நான் யாரிடம் கேட்க?

ஆகவே அந்த மூன்றாம் பதிப்பை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கொஞ்சம், தமிழில் சொல்லிச் சொல்லி. பாதியில் தூங்கிவிடுவாள். எழுந்ததும், "உட்ட எடத்துலருந்து சொல்லு" என்பாள். ஒருநாள், "ஏட்டி, இதை எழுதினவன் வக்கீலாத்தான் இருப்பான். சொன்னதையே சுத்திச் சுத்திச் சொல்லுதான்" என்றாள்.

படித்து முடித்த அன்று கேட்டாள்.

"வாங்கினவன் பூட்டி வச்சுக்கிட முடியுமா?"

"முடியாது. அடுத்தவங்களுக்குக் குடுத்தா, எழுதினதையும் சேத்துத்தான் குடுக்கணும்."

"அவன் பேரு?"

"இருக்கும். யாரும் எடுக்கக் கூடாது."

"பழசுலயும் இதான இருக்கு?"

"ஆமா. இதுல காவல் கொஞ்சம் கூட."

"அப்பம் கொண்டா" என்று கண்ணாடியைத் தேடினாள். அவள் பெயர் கோட்டைத் தாண்டி, காகிதத்தின் விளிம்பு வரைக்கும் போய் நின்றது.

புதிய வடிவத்தை வெளியிட்டேன். டீச்சர் கூப்பிட்டு, பள்ளிக் கணினியில் ஓடவிட்டு போனிலேயே கேட்கவைத்தார்கள். "மூச்சே விடாம வாசிக்குக்கா. பஸ் ஸ்டாண்டுல ஊர்ப்பேரு கூப்பிடுதவன் மாதிரி" என்று சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். இப்படி இருப்பது சரிதானா சங்கரா? நீ சம்மதித்திருப்பாயா என்பதும் எனக்குத் தெரியவில்லை. சட்டப்படி சரி என்று மட்டும் சொல்ல முடிகிறது.

உன் நிரலைத் தங்களுடையதோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று இன்னும் யாராவது உன் பெயருக்கு எழுதுவார்கள். காலமாகிவிட்டார் என்று ஒரு வரி போட்டு முடித்துவிட மாட்டேன். அம்மா இருக்கும்வரை அவளைக் கேட்டுப் பதில் எழுதுவேன். அவளுக்குப் பின் அந்த உரிமை என்னிடம் வரும்போது நானே எழுதுவேன். உன்னைத் தேடி வரும் ஒரு கடிதமும் பதில் இல்லாமல் கிடக்காது.

உன்னோடு பிறந்த அக்கா,
கோமதி