பக்கத்து இருக்கை

வெஸ்ட்கேட், ஆக்லாந்து
21.02.2016

அன்புள்ள தம்பி சிவனேசனுக்கு,

இங்கு நான் சுகம். நீயும் சாந்தகுமாரியும் சுகமாக இருக்க வேண்டும். மே மாத டிக்கெட் கிடைத்தது. இந்த வயதில் என்னைக் காரில் வைத்து சுவிஸ் மலையெல்லாம் ஏற்றி இறக்கப் போகிறாயாம்! வருகிறேன். அத்தான் காலமான பிறகு ஒருவரும் என்னை எங்கும் கூப்பிடவில்லை.

நீ பயப்படாமல் ஓட்டு. அத்தானுக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. ஒவ்வொரு சந்தியிலும் நான்தான் எட்டிப் பார்த்து, "ஓம், எடுங்கோ" என்பேன். அதற்குப் பிறகுதான் கார் அசையும். உனக்கும் பக்கத்தில் இருந்து வழி பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா விக்னேஸ்வரி


பேர்ண், சுவிஸ்
12.06.2016

அன்பு அக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. நீங்கள் இன்டர்லாக்கனில் ஆசையாக வாங்கிய மாட்டுமணியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். உயரத்துக் கணவாய்ப் பாதைகள் இன்னும் பனியில் பூட்டிக் கிடந்ததால் காட்ட முடியவில்லை, அதுதான் எனக்குக் குறை.

அடுத்த முறை என்ன, இங்கேயே வந்துவிடுங்களேன். சாந்தியும் அதைத்தான் சொல்கிறாள். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு இருங்கள். மேல் அறை சும்மாதான் கிடக்கிறது. சமையல், கடை, விசா எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு வேலையும் இராது. ஜன்னலடியில் இருந்து மலையைப் பார்த்தால் போதும். முடிவைக் கெதியாக எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
சிவனேசன்


வெஸ்ட்கேட், ஆக்லாந்து
28.08.2016

அன்புள்ள தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நான் வரவில்லை.

மலை வடிவாகத்தான் இருந்தது. கீழே புல்லெல்லாம் மஞ்சள் பூ, மேலே பனி. ஆனால் முதல் நாள், ஏரிக்கரைச் சந்தியில் நான் எட்டிப் பார்த்து "ஓம், எடு" என்றேன். "அக்கா, காரில எல்லாத்துக்கும் கமரா இருக்கு. நீங்கள் பேசாமல் வெளியால பாருங்கோ" என்றாய். பகிடியாகத்தான் சொன்னாய், தெரியும். அதன் பிறகு எந்தச் சந்தியிலும் நான் வாய் திறக்கவில்லை. நீ அதைக் கவனிக்கவும் இல்லை. உன் பக்கத்தில் இருந்தபோது தனித்துப்போனது போல, இந்த வெறும் வீட்டில்கூட நான் தனித்துப்போகவில்லை. ஜன்னலடியில் சும்மா இருக்க என்னால் முடியாதடா. மாட்டுமணி சாந்தியிடமே இருக்கட்டும்.

அத்தானின் கார் கராஜில் தூசி பிடித்துக் கிடந்தது. இப்போது அதில் ஓட்டப் பழகுகிறேன், சிரிக்காதே! ஷாரோன் என்று ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை பழக்குகிறாள். நல்ல பொறுமைசாலி. நேற்று எங்கள் தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் நானே பார்த்தேன். "ஓம், எடுங்கோ" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"யார்கிட்ட சொல்றீங்க ஆன்ட்டி?" என்றாள்.

நான் மறுபடியும் எட்டிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு வாகனமும் வரவில்லை. எடுத்தேன்.

அன்புடன்,
அக்கா