எது அழுகை, எது ஆரவாரம்

பிப்ரவரி 3

அன்புள்ள நர்ஸம்மா அக்காவுக்கு,

வாலுத் தம்பி எழுதுவது. நலம். நீ நம்பமாட்டாய், ஆனாலும் நலம்.

அப்பா மேல் சந்தேகமாக இருக்கிறது. வெள்ளத்தில் சுவர் விழுந்து அம்மா போனதிலிருந்து கரண்டியையே தொடாத கொத்தனார், ஒரு வாரமாக விடிந்ததும் அம்மாவின் பைபிளை இடுக்கிக்கொண்டு இடிந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். "எங்கப்பா?" என்றால் "சும்மா" என்கிறார். அவர் குளிக்கப் போனபோது புரட்டினேன். 'புலம்பல்' என்று ஒரு புத்தகம். உன் கடிதங்களைத் தொகுத்துவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன். ஆனால் அவர் பக்கம் மடித்திருப்பது அதிலேயே எஸ்றா என்ற இன்னொரு புத்தகத்தில். எஸ் ஆகப் பார்க்கிறாரோ?

உன் தம்பி

பிப்ரவரி 11

டேய்,

அப்பாவுக்குக் காய்ச்சல் என்று எழுதி என்னை ஓடி வர வைத்தவன்தானே நீ? வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று இளித்தாய். இதையும் நம்பவா? உங்கப்பா கட்டின சுவர்தான் அம்மா மேல் விழுந்தது. மனையை விற்க ஆள் தேடுகிறார், பைபிளெல்லாம் வேஷம். நேரத்துக்குச் சாப்பிடு. என்னைக் கூப்பிடாதே.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

அம்மா மேல் சத்தியம், இது கதையில்லை. நேற்றுப் பின்னாலேயே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். விலை பேச யாரும் வரவில்லை. செங்கல் குவியலில் உட்கார்ந்து எஸ்றாவைச் சத்தமாக வாசித்தார். பாழான ஊருக்குத் திரும்பியவர்கள் ஆலயத்துக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த பெரியவர்கள் ஓவென்று அழுகிறார்கள், மற்றவர்கள் சந்தோஷத்தில் கத்துகிறார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று யாராலும் பிரிக்க முடியவில்லையாம்.

மூடி வைத்துவிட்டு, கல் வரிசை கோணாமலிருக்க நூல் கட்டினார். ஒரு வரிசை கல் வைத்தார். தோள் குலுங்கியது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அழுறியாப்பா?"

"தெரியலடா. ஒளிஞ்சது போதும், அந்தக் கல்லை எடு." அப்புறம் தலை நிமிராமலே, "அக்கா ரூமுக்குக் கதவு எந்தப் பக்கம்னு கேட்டு எழுது."

கேட்டுவிட்டேன்.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

உன்னை நம்பாமல் நம் தெருக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஆமாம்மா, கட்டுறாரு. உன் தம்பி தலையெல்லாம் சிமெண்ட்" என்றார். அவரையும் நீ கூட்டுச் சேர்த்திருப்பாயோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கதவு உங்கள் அறையைப் பார்த்து இருக்கட்டும். இடுப்புயரத்துக்கு மேல் சுவர் எழுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். அதற்கு மேல் சுவர் சாயாமல் நேர் பார்க்கத் தூக்குக்குண்டை நான் வந்து பிடிக்கிறேன்.

அக்கா