ஆச்சு

என்னங்க,

போன்ல சொல்ல வாய் வராது, அதான் எழுதறேன். அத்தையோட ஆபரேஷன் தையல்ல சீழ் வடியுது.

சீழ் பிடிக்காம இருக்க, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு ஊசி போடணும். எங்க ஆபரேஷன் தியேட்டர்ல அது நர்ஸ் என் வேலை. அன்னைக்கு, "ஊசி போட்டாச்சா?"ன்னு டாக்டர் கேட்டாரு. அதே நேரம், இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போய் முழிச்சிட்டிருந்த அத்தை என் கையைப் பிடிச்சு, "என் பிள்ளைக்குப் போன் பண்ணியாச்சா?"ன்னாங்க. அவங்களுக்குத்தான் "ஆச்சு"ன்னேன். டாக்டர் கத்தியை எடுத்துட்டாரு.

தையல் போட்டப்புறம்தான் பார்க்கறேன், மருந்து ஊசியோட அப்படியே தட்டுல கிடக்கு. நாலு நாள் வாயைத் திறக்கல. இன்னைக்குத்தான் டாக்டர்கிட்ட சொன்னேன். புண்ணைத் திரும்பத் திறந்து கழுவணுமாம்.

அன்னைக்கு உங்களுக்குப் போன் வரலைன்னு அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

உங்க வீட்டுக்காரி