பதினொன்றாவது மீட்டரில் சிமெண்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

திருவண்ணாமலையிலிருந்து முத்தரசியின் வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு லாட்ஜில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. பக்கத்தில் டிபன் கடை நடத்தும் திரௌபதியக்கா எண்ணெய் ஊற்றியதுதான் காரணம் என்று லாட்ஜ் முதலாளி சத்தம் போட்டார். கடையையே காலி செய்யச் சொன்னார். அடைப்பைப் பார்க்க எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது. நான் குழாய்க்குள் கேமராவை விட்டேன். பதினொன்றாவது மீட்டரில் திரையில் தெரிந்தது எண்ணெய் இல்லை, இறுகிப்போன சிமெண்ட். முதலாளி புது மாடி கட்டியபோது கழுவி ஊற்றியது. அக்காவின் குழாய் அந்த அடைப்பைத் தாண்டித்தான் வந்து சேர்கிறது, அவர் ஊற்றும் எண்ணெய் அங்கே வரவே வராது.

“வீடியோவ அழிச்சுடும்மா. எண்ணெய்னு எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றார் முதலாளி.

“அழிக்க மாட்டேன் சார்” என்றேன். கூடியிருந்தவர்களுக்கு இன்னொரு முறை ஓட்டியும் காட்டினேன்.

“எல்லாரும் நல்லா பாருங்க!” என்று அக்கா கத்தினார்.

முதலாளி எங்கள் கம்பெனியில் புகார் செய்துவிட்டார். எங்கள் மேனேஜர் என்னை அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மறுத்தேன். ஒரு வாரமாக வெளிவேலை தரவில்லை. கேமரா கேபிள்களைக் கழுவி, லென்ஸைத் துடைத்து வைக்கிறேன். அதிலும் குறை சொல்ல இடம் கொடுக்கவில்லை. அக்கா கடை திறந்தே இருக்கிறது. காலையில் அங்கேதான் இட்லி.

லென்ஸ் துடைக்க உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உடுத்தியதை அப்படியே மடித்து அனுப்புங்கள். ஊருக்கு வா என்று மட்டும் எழுதாதீர்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கூப்பிட்டாலும் வரமாட்டேன் அம்மா. சேலை மட்டும் சீக்கிரம் வரட்டும்.

முத்தரசி