சிவப்பு வலது, மஞ்சள் இடது

ஜூன் 9, திங்கள்

புது டாக்டர் வந்துவிட்டாள். மகிழினி. புளியந்தோப்புப் பெண். படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருகிறாள். எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் காலடிப்பேட்டை கிளினிக்கில் பதினோரு வருடமாக நாய்க்கும் பூனைக்கும் ஈசிஜி எடுப்பது நான்தான். படிப்பு இல்லை, கை இருக்கிறது. இன்று ஒரு லாப்ரடாரை ரப்பர் விரிப்பில் வலப்பக்கமாகப் படுக்க வைத்து, ஸ்பிரிட் தடவி, முழங்கையிலும் முழங்காலிலும் கிளிப் மாட்டினேன். அவள் படத்தைப் பார்த்து, "மூச்சு இழுக்கும்போது துடிப்பு வேகமாகுது, விடும்போது மெதுவாகுது. நாய்க்கு இது நார்மல்" என்றாள். கிளினிக்கை நடத்தும் பக்தவச்சலம் டாக்டர் தலையாட்டிச் சிரித்தார். ஏன், இது எனக்குத் தெரியாதா? என்னை ஒருநாளாவது கேட்டிருக்கிறாரா?

ஜூன் 12, வியாழன்

குர்குர் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்த ஒரு பூனை. அந்த நடுக்கத்தில் கோடு முழுவதும் கிறுக்கல். இப்படி வந்தால் அது நிறுத்தும்வரை காத்திருப்பதுதான் என் வழக்கம். மகிழினி போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பூனை கப்சிப். படம் பளிச்சென்று வந்தது.

பதினோரு வருடம் அந்தக் குழாய் என் முதுகுக்குப் பின்னால்தானே இருந்தது! வயிறு எரிகிறது. எழுதியே விடுகிறேன், வயிறு எரிகிறது.

ஜூன் 14, சனி

நினைத்தது நடந்துவிட்டது. "இனிமே ஈசிஜியை மகிழினியே பார்க்கட்டும் ஜெனிம்மா. நீங்க முன்னாடி டோக்கன் பாருங்க. முன்னங்கால் கிளிப்புல கலர் போயிடுச்சு, அதை மட்டும் சரிபண்ணிடுங்க" என்றார் டாக்டர்.

ஸ்பிரிட் பட்டுப் பட்டு நிறம் போய் எத்தனையோ மாதம் ஆகிறது. எந்த ஒயர் எந்தக் காலுக்கு என்று என் கைக்குத் தெரியும். நிறம் யாருக்கு வேண்டும்? மகாராணிக்கு! மகளின் நகப்பூச்சை எடுத்துப்போய், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வர, கடகடவென்று பூசி வைத்தேன். வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு மஞ்சள்.

ஜூன் 16, திங்கள்

நாள் முழுக்க டோக்கன் கொடுத்தேன். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம்.

ஜூன் 17, செவ்வாய்

வியாசர்பாடி பூவம்மா தன் நாய் ரோஸியைக் கூட்டி வந்தார். ஒன்பது வயது. கர்ப்பப்பையில் சீழ். இன்றே ஆபரேஷன் செய்து அதை எடுத்தாக வேண்டும். மயக்க மருந்துக்கு முன்னால் இதயத்தைப் பார்க்க மகிழினி முதன்முறையாகத் தனியாக ஈசிஜி எடுத்தாள். டாக்டர் எண்ணூரில் தடுப்பூசி முகாமில் இருந்தார்.

"இதயத்தோட வலது பக்கம் வீங்கியிருக்கலாம். இப்ப மயக்கம் கொடுத்தா ஆபத்து. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துட்டு அப்புறம் பண்ணலாம்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டாள்.

ஃபைலில் வைக்கும்போது படத்தைப் பார்த்தேன். முதல் வரிசையில் எல்லாமே தலைகீழ். எப்போதும் மேலே நிற்கிற அந்தச் சின்ன முதல் மேடுகூடக் கீழே தொங்குகிறது. இது நோய் இல்லை. முன்னங்கால் கிளிப் இரண்டும் மாறியிருக்கின்றன.

சொல்லவில்லை. டாக்டர் வந்து அவர் வாயாலேயே திட்டட்டும் என்று ஃபைலை மூடினேன். வீட்டுக்கு வரும் வழியில் டோல்கேட்டில் இறங்கி அல்வாகூட வாங்கினேன்.

ஜூன் 18, புதன்

கிளினிக் திறக்கும்போதே பூவம்மா ஆட்டோவில். மடியில் ரோஸி. ராத்திரி முழுக்க வாந்தி, நிற்க முடியவில்லை. "நேத்தே பண்ணிருந்தா இப்டி ஆவுமா? எங்கொயந்த சாவுதும்மா!" என்று அழுதார். 

டாக்டர் வந்ததும் படத்தை நீட்டினேன். "கிளிப்பை மாத்தி மாட்டிட்டாங்க சார்." எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். அந்த நேரத்திலும் உள்ளே ஒரு குஷி. சீ, என்ன ஜென்மம் நான்!

மகிழினி முகம் வெளுத்துவிட்டது. "கலர் பார்த்துத்தானே மாட்டினேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு ஒயரை அதன் அடிவரை உருவிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பூசிய கிளிப்பின் ஒயரில், மெஷினில் செருகும் இடத்தில், R என்று தேய்ந்த எழுத்து. வலது. அழுதுகொண்டே மாற்றிப் பூசியிருக்கிறேன். நான்.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். டாக்டர் பக்கம் திரும்பி, "தப்பு என்னோடது சார். மாட்டுறதுக்கு முன்னாடி சரிபார்த்திருக்கணும்" என்றாள்.

மறுபடி எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. உடனே ஆபரேஷன். கர்ப்பப்பை கிழியும் நிலையில் இருந்ததாம். ரோஸி பிழைத்தது.

ஜூன் 19, வியாழன்

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருப்பேனே. இதிலயும் அவதான் ஒசத்தியா?

ஜூன் 21, சனி

ஈசிஜி அறை திரும்ப எனக்கே. மகிழினிக்குத் தடுப்பூசி மேஜை. "உங்க கைதான்மா கை" என்றார் டாக்டர். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டருக்கு போன் வந்தது. சாக்கு கிடைத்ததென்று வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

தையல் பிரிக்க ரோஸி நடந்தே வந்தது. பூவம்மா கயிற்றை என் கையில் கொடுத்து, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "நீ மட்டும் கண்டுபுடிக்கலன்னா எம்பொண்ணு இல்லம்மா. அந்தப் புச்சா வந்த பொண்ணு இன்னா படிச்சிதோ." தடுப்பூசி மேஜையில் மகிழினி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டரும் பக்கத்தில்தான் இருந்தார்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. கிளிப்பில் நிறம் மாற்றிப் பூசியது நான்தான் என்றேன். படம் தப்பு என்று எடுத்த அன்றே எனக்குத் தெரியும், அவள் திட்டு வாங்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன்.

பூவம்மா குனிந்து ரோஸியின் தலையைத் தடவினார்.

"தெர்ஞ்சுகினே கம்முனு இருந்தியா? அது ராவெல்லாம் துடிச்சிதே!"

என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார். ரோஸியை நடத்திப்போய் மகிழினி முன்னால் நின்றார்.

"நீ பிரிம்மா" என்றார்.