கோதுக்கு எந்த மசகு

கொக்ரேன்
2 மார்ச் 2024

அன்பின் பேர்ணடெற்றுக்கு,

நீர் அனுப்பிய ஸ்ப்ரேயைப் பூசி நான் அமுக்கிய முதல் கோதே டைக்குள் இறுகிப்போய்விட்டது.

ஒன்பது வருடமாக உமது கடையில் இந்த வேட்டைச் சாமானெல்லாம் விற்கிறீர். ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. ஆகையால் நடந்ததை விளக்கமாகவே எழுதுகிறேன். துவக்கில் சுட்டபிறகு மிஞ்சுகிற தோட்டாவின் பித்தளைக் கோது வெடியின் அமுக்கத்தில் கொஞ்சம் ஊதிவிடும். அதைத் திரும்பப் பாவிக்க வேண்டுமென்றால், டை என்கிற உருக்கு அச்சுக்குள் பிரஸ்ஸால் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேண்டும். வெறுங்கோதாகத் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் மசகு. உமது மசகை அடித்தேன், கோது நனைந்து மினுங்கியது, உள்ளே விட்டுக் கைபிடியை இழுத்தேன். பாதியில் நின்றது. என்னோடு கொதிகலன் அறையில் வேலைசெய்கிற றோயும் வந்து இழுத்தான். கோதின் விளிம்பு பிய்ந்து வந்தது, கோது வரவில்லை. உன்னுடைய மனைவிக்கு நீ வேட்டைக்குப் போவது விருப்பமில்லையாக்கும் என்று சொல்லிச் சிரிக்கிறான்.

பிறகு றோயின் டையை இரவல் வாங்கினேன். ஸ்ப்ரேயில் நம்பிக்கை போய்விட்டதால் சமையலறைத் தேங்காயெண்ணெயை எடுத்தேன். இங்கத்தைய குளிரில் அது கல்லாக இருந்தது. சூடாக்கித் தலைக்கு வைப்பதுபோல அள்ளிப் பூசினேன். கோது வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் வெளியே வந்தபோது கோதின் ஒடுங்கின கழுத்துக்குக் கீழே எல்லாவற்றிலும் பள்ளம். இருபது கோது வீண். கராஜ் முழுக்கப் பலகாரம் சுட்ட மணம். தவக்காலத்தில் எனக்கு அதுவும் ஒரு சோதனை.

நேராகக் கேட்கிறேன். அந்த ஸ்ப்ரே நல்லதென்று அனுப்பினீரா, கடையில் தேங்கிக் கிடந்ததென்று அனுப்பினீரா?

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் என்னை நிரந்தரமாக எடுக்கப் பார்க்கிறார்கள். மே மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும். ஒரு வருடத்துக்கென்று உம்மை அங்கே விட்டு இந்த வடக்கு ஊருக்கு வந்து மூன்று வருடமாகிவிட்டது. கையெழுத்து வைத்தால் பென்ஷன் எடுக்கும்வரைக்கும் இங்கேதான். உமது எண்ணத்தை எழுதும். போன் எடுக்க வேண்டாம். போனில் உம்மோடு கதைத்தால் கடைசியில் நான் எதையாவது வாங்கிப்போட்டுத்தான் போனை வைக்கிறேன்.

அன்புடன்,
அருள்

•

ரெக்ஸ்டேல்
11 மார்ச் 2024

அன்பின் அருளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். முழங்கால் மட்டும் குளிருக்கு முறைப்பாடு சொல்கிறது.

ஸ்ப்ரே தேங்கிக் கிடந்தது உண்மை. ஹமில்டனில் ஒரு கடை பூட்டினபோது முந்நூறு போத்தலை ஒரேயடியாக எடுத்தேன். மலிவாக எடுத்ததால் கூடாத சாமான் என்று ஆகிவிடாது. போத்தலின் பின்பக்கத்தை வாசித்தீர்களா? அதற்குள் இருப்பது செம்மறியாட்டு மயிரிலிருந்து எடுக்கிற லனோலின் கொழுப்பு, அதைக் கரைக்க அல்கஹோல். அல்கஹோல் பறந்துபோன பிறகு மிஞ்சுகிற கொழுப்புத்தான் மசகு. ஈரமாக மினுங்கும்போது உள்ளே விட்டால் வெறுங்கோதை விட்டதற்குச் சமம். காயும்வரைக்கும் ஒரு தேத்தண்ணி குடித்திருக்கலாம். நீங்கள் காத்திருக்கிற ஆள் இல்லை என்பது எனக்குக் கலியாணத்தன்றே தெரியும். சுவாமியார் கேட்டு முடிக்க முதலே ஓம் என்று சொன்னவர்.

தேங்காயெண்ணெய்க் கதையை அபிஷனுக்குச் சொன்னேன். கடையில் என்னோடு நிற்கிற பெடியன்தான். கவுண்டருக்குக் கீழே இருந்து சிரித்துவிட்டு எழும்பினான். எண்ணெய் அமுங்காது, அருள். டைக்குள் ஒதுங்க இடமில்லாமல் பித்தளையைத்தான் உள்ளே தள்ளும். அதுதான் பள்ளம். நாங்கள் எதற்கும் எண்ணெயை அள்ளி வைத்துப் பழகின சனம். பித்தளைக்கு அந்தப் பழக்கம் சரிவராது.

இந்தப் பெட்டிக்குள் இறுகின கோதைக் கழற்றுகிற செற் இருக்கிறது. கோதின் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டை முடுக்கினால் வந்துவிடும். இதற்குக் காசு எடுக்கவில்லை.

வேலை விஷயம். கடையின் லீசும் ஓகஸ்டில் முடிகிறது. பக்கத்துக் கடை யூனிற்றும் சேர்த்து எடுக்கலாம் என்று பார்க்கிறேன். கோது, டை, மசகு கேட்டு வாற ஆட்கள் கூடிவிட்டார்கள், அவர்களோடு நின்று கதைக்க விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். நீங்கள் வந்து அந்தப் பகுதியைப் பாருங்கள். வெளியாளுக்குக் கொடுக்கிற சம்பளத்தைவிடக் கூடத் தருவேன்.

இப்படிக்கு,
பேர்ணடெற்

•

கொக்ரேன்
6 ஏப்ரல் 2024

அன்பின் பேர்ணடெற்றுக்கு,

உயிர்த்த ஞாயிறுக்கு வர முடியாததற்குக் குறை நினைக்க வேண்டாம். அன்று என்னுடைய முறை. பூசைக்குப் போய், பாடகர் குழுவில் ஏழு பேராக நின்று எழுபது பேரின் சத்தம் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன்.

கோது கழன்றது. போத்தலில் எழுதினபடி ஸ்ப்ரேயைக் காயவிட்டு அமுக்கிப் பார்த்தேன், சுகமாகப் போனது. இந்த இடத்தில் நீர் சொன்னது சரி. ஆனால் ஐந்தாறு கோது போனபிறகு ஒன்று கனத்துப் போகும். கழுத்துக்குள் மசகு பட்டதோ இல்லையோ தெரியாது. பாதியில் நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு தரமும் கைபிடியைப் பார்த்துப் பார்த்து இழுக்கிறேன்.

அதனால் திரும்பவும் கேட்கிறேன். நல்ல சாமான் என்றீர், சரி. எனக்கு நல்லதா என்றுதான் என் கேள்வி. நான் வருடத்துக்கு நாற்பது தோட்டா செய்கிற ஆள். வேட்டையில் ஒரு மூஸ் மானுக்கு அது தாராளம். விற்கிற எண்ணத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, நீர் என்றால் எதைப் பூசுவீர் என்று சொல்லும்.

சம்பளம் தருகிறேன் என்று எழுதியிருந்தீர். அந்த வசனத்தை மூன்று தரம் வாசித்தேன். மிசிசாகாவில் விமான நிலைய வேலை போனபிறகு உமது கடையில் எட்டு மாதம் நின்றேன். சனத்துக்கு முன்னால், "அருள், அந்த மேல்தட்டுப் பெட்டியை எடுங்கோ, அதில்லை, மற்றது" என்பீர். நான் எடுப்பேன். உம்மில் கோபமில்லை. கடையை மேசை போட்டுத் தூண்டில் விற்றுத் தொடங்கின ஆள் நீர்தான், உமது வாய்க்கு அங்கே உரிமை இருக்கிறது. ஆனால் பெண்சாதியிடம் சம்பளம் வாங்கி, இரவில் அவளோடு இருந்து சாப்பிட எனக்கு வராது.

இங்கே எனக்குக் குறையில்லை. ஆறு உறைந்து கிடக்கிறது, ஆட்கள் நல்லவர்கள், கொதிகலன் நான் சொன்னபடி கேட்கிறது. கையெழுத்து வைப்பதென்றுதான் மனம் போகிறது. உமக்கு நான் கடைக்குத்தான் தேவையென்றால் வைத்துவிடுகிறேன். வேறு ஏதாவது இருந்தால் அதை எழுதும்.

அன்புடன்,
அருள்

•

ரெக்ஸ்டேல்
22 ஏப்ரல் 2024

அருள்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் அபிஷனிடம் கேட்டேன், நான் அருளைச் சனத்துக்கு முன்னால் ஏவுவேனா என்று. அவன் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு, "அன்ரி, நீங்கள் கஸ்டமரையே ஏவுவீங்கள்" என்றான். அதற்குமேல் கோபப்பட வழியில்லாமல் போய்விட்டது.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து கடையைத் திறக்காமல் உள்ளே இருந்தேன். காட்சிக்கு வைத்திருந்த பிரஸ்ஸைப் பின்பக்க மேசையில் பூட்டும்படி அபிஷனிடம் சொன்னேன். ஒரு வாளி சுட்ட கோது, மூன்று வகை மசகு. "அன்ரி, ஆர் யூ ஓகே?" என்று அபிஷன் இரண்டு தரம் கேட்டான்.

பஞ்சில் உருட்டிப் பூசுகிற கட்டி எண்ணெயை முதலில் எடுத்தேன். உங்களைப் பழித்தவள் நானும் அள்ளித்தான் பூசினேன். ஆறு கோதில் நாலு பள்ளம். பிறகு ஸ்ப்ரே. பெட்டிக்குள் கோதுகளைக் கொட்டி, அடித்து, குலுக்கி, காயவிட்டு அமுக்கினால் இருநூறு கோதும் மளமளவென்று முடிந்துவிடும். கிழமைக்குக் கிழமை ரேஞ்சில் இலக்கு வைத்துச் சுடுகிற ஆளுக்கு அதுதான் சரி.

கடைசியில் மெழுகு. சின்னத் தகரப் பேணியில் வருகிறதே, கறுத்த மூடி, தட்டின் கீழ்வரிசையில். விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் எடுத்து, கோதை இரண்டு விரலுக்கிடையில் ஒருதரம் உருட்டினால் போதும். மூன்று நாலு கோதுக்கு ஒருமுறை கழுத்துக்குள்ளும் கொஞ்சம். எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று விரலுக்குத் தெரிகிறது. கைபிடி வெண்ணெயில் போவதுபோலப் போனது. ஒன்றும் இறுகவில்லை. பிறகு துணியால் துடைத்தால் சரி. இருபத்தைந்து கோதுக்கு ஒரு மணித்தியாலம் போனது, அது என் அவசரமில்லாத கையால்.

ஆகவே என் பதில்: உங்களுக்கு மெழுகு. நான் என்றாலும் மெழுகுதான். ஒரு பேணி எடுத்தால் உங்கள் நாற்பது தோட்டாவுக்கு எத்தனையோ வருடம் வரும், உங்களிடம் நான் இன்னொரு தரம் காசு உழைக்க முடியாது. ஸ்ப்ரே என்றால் அடிக்கடி சுடுகிற ஆளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு போத்தல் போகும். அதனால்தான் மெழுகு கீழ்வரிசையில் இருந்தது. இன்று காலை கண்மட்டத்துக்கு ஏற்றினேன். ஏற்றி ஒரு மணித்தியாலத்தில் மூன்று போய்விட்டது, அது வேறு கதை.

மற்ற விஷயம். நான் சாமான் பேசுகிற ஆள், இப்படி எழுதிப் பழக்கமில்லை. எனக்கு நீங்கள் கடைக்குத் தேவையில்லை. கடைக்கு ஆள் பிடிப்பேன். பின்னேரம் கடையைப் பூட்டி வீட்டுக்குப் போனால், ஒரு ஆளுக்குச் சோறு போட அந்தப் பானை பெரிசு. இந்த மூன்று வருடமாகக் கட்டிலில் உங்கள் பக்கத்தில் விலைப்பட்டியல்களை வைத்துக்கொண்டு படுக்கிறேன். அவை குறட்டை விடுவதில்லை, அதைத்தவிர அவற்றில் ஒரு நன்மையும் இல்லை.

சம்பளக் கதையை விடுங்கள். என்ன மாதிரி வந்தால் உங்களுக்குச் சரி என்று நீங்களே சொல்லுங்கள். முதல் விலையை எதிராளியைச் சொல்லவிடுவது நான் யாருக்கும் கொடுக்காத சலுகை.

பேணி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று றோயுக்கு.

உங்கள்,
பேர்ணடெற்

•

கொக்ரேன்
13 மே 2024

அன்பின் பேர்ணடெற்றுக்கு,

மெழுகு கிடைத்தது. நாற்பதும் முடித்தேன். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. தன்னுடைய பேணியை றோய் பூட்டி வைத்திருக்கிறான்.

உமது கடிதத்தைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். சட்டைப்பையில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி மனேஜரிடம் போய், நிரந்தரம் வேண்டாம், இரண்டு கிழமை வேலை, இரண்டு கிழமை வீடு என்று கேட்டேன். சுரங்கத்து ஆட்கள் அப்படித்தானே செய்கிறார்கள். யோசித்துவிட்டு, ஒரு வருடம் பார்ப்போம் என்றார். ஜூன் பத்தாம் திகதி தொடக்கம்.

ஆக மாதத்தில் பாதி நான் ரெக்ஸ்டேலில். முழுநேரமும் சோபாவில் இருந்தால் உமக்கும் பொறுக்காது, எனக்கும் பொறுக்காது. உமது பின்பக்க மேசையை எனக்கு வாடகைக்குத் தாரும். கோது அமுக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன், அவர்கள் தருவது எனக்கு. சாமானை உம்மிடம்தான் வாங்குவார்கள், ஆனால் எது வாங்க வேண்டுமென்று நான்தான் சொல்வேன். வாடகை மாதம் இருபது டொலர். இது என் முதல் விலை.

அன்புடன்,
அருள்

•

ரெக்ஸ்டேல்
21 மே 2024

அன்பின் அருளுக்கு,

இருபது டொலருக்கு ரெக்ஸ்டேலில் ஒரு கார் நிறுத்தவும் இடம் கிடைக்காது. வெளியாள் கேட்டிருந்தால் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கியிருக்கமாட்டேன். லீசை நேற்றுக் கையெழுத்து வைத்தேன், பக்கத்து யூனிற் இல்லாமல், இரண்டே வருடத்துக்கு. மிச்சத்தை நீங்கள் வந்தபிறகு இருவருமாக யோசிப்போம்.

நிபந்தனைகளை எழுத்தில் வைக்கிறேன், பிறகு சொல்லவில்லை என்று சொல்லக்கூடாது. மேசையும் அதற்குமேல் உள்ள தட்டும் உங்களுடையவை. அந்தப் பக்கம் நான் வந்தால் மேசையைத் தட்டி, வரலாமா என்று கேட்டுவிட்டு வருவேன். அங்கே ஒருவருக்கு எந்த மசகு என்று நீங்கள் சொன்னால் நான் வாய் திறக்கமாட்டேன், மலிவான சாமானைக் காட்டினாலும் சரி. நீங்கள் நிற்கிற இரண்டு கிழமையும் ஆறு மணிக்குக் கடை பூட்டு. ஞாயிறு முழுநாளும் பூட்டு. மேல்தட்டுப் பெட்டிகளை அபிஷன் எடுப்பான்.

வாடகை மாதம் நாற்பது டொலர், முற்பணம் இல்லை, இராச் சாப்பாடு சேர்த்தி.

உங்கள்,
பேர்ணடெற்