பதினான்காம் பிரிவில் தாய்

நீள்கல் ஏரி,
மார்ச் 3

தங்கச்சி நோரீனுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நம் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நாமே சட்டம் எழுத வேண்டும் என்று முப்பது வருஷம் போராடினோம். படித்தவள் என்று உன்னிடம் எழுதக் கொடுத்தார்கள். நேற்று உன் வரைவை வாசித்தேன். அடுப்பில் போடத்தான் தோன்றியது.

'ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அறை' என்று போட்டிருக்கிறாய். நம் ஆக்னஸ் செத்த பிறகு அவள் மகள் ஜோலீனை என் வீட்டிலிருந்து தூக்கிப் போனார்களே, உன் நகரத்துக் குழந்தைகள் நல அலுவலகம் அன்றைக்குச் சொன்ன காரணமும் இதேதானே? கீழே இருந்த கையெழுத்தும் உன்னுடையதுதானே?

ஆக்னஸின் அக்கா நான். வரைவில் என்னை வெறும் 'உறவினர்' என்கிறாய். நம்மில் அம்மாவின் அக்கா தங்கை எல்லோரும் அம்மாதான் என்பது மறந்துவிட்டதா? த்தூ! அடுத்த வியாழன் ஓட்டெடுப்பு. இப்படியே நிறைவேறினால் ஜோலீன் திரும்பவே மாட்டாள். மாற்றி எழுது.

வெர்னா

வின்னிபெக்,
மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகத் திட்டு. பத்தொன்பது வருஷம் அந்தப் படிவங்களையே நிரப்பிய கை, தானாக அதையே எழுதிவிட்டது. தனி அறையை எடுத்துவிட்டேன். பதினான்காம் பிரிவு இப்போது இது: 'தாயின் சகோதரிகள் அனைவரும் தாயே.'

தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் ஆக்னஸின் தங்கைதானே, அக்கா. அப்படியென்றால் அன்றைக்கு என் மகளைத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் நோரீன்

நீள்கல் ஏரி,
மார்ச் 29

நோரீனுக்கு,

சட்டம் நிறைவேறியது. ஜோலீன் வெள்ளிக்கிழமை வந்தாள். பன்னாக் ரொட்டியைத் தொடுமுன், "சாப்பிடலாமா மேடம்?" என்று கேட்டாள். பெரியம்மாவைப் பார்த்து மேடமாம்!

ஊர்ப் பதிவேட்டில் அவளுடைய தாயார் பெயர்கள் எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு பெர்னிஸ், "அந்தக் கையெழுத்துக்காரி பேரையுமாடி எழுதப் போறே?" என்றாள். "எழுதாம? நாம போட்ட சட்டமாச்சே" என்றேன். பேனாவை உடைக்கலாம் போலிருந்தது. எழுதிவிட்டேன்.

ஜோலீன் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இந்த நோரீன் அம்மா எப்ப வருவாங்க?" என்று தினமும் கேட்கிறாள். நீயே வந்து சொல். கையெழுத்தைப் பற்றியும் நீயே சொல்.

உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நீ வருகிற அன்று ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விடுவேன். ரொட்டி மேசைமேல் இருக்கும்.

ஜோலீனின் இன்னொரு அம்மா,
வெர்னா